இடது முழங்கால்

புத்தம் புது ஜீன்ஸ் ஒன்றை ஏழே நிமிடத்தில் ஏழு வருஷம் பழையதாக்கிவிட அவளால் முடியும். காற்றடைத்த ரப்பர் காலில் பேன்ட்டை மாட்டி, உப்புத்தாளைக் கையில் சுற்றிக்கொண்டு தொடையில் நாலு இழுப்பு இழுத்து, முட்டியில் வட்டமாகப் பத்துத் தேய்ப்புத் தேய்த்து, உட்காரும் இடத்தில் பட்டும் படாமல் ஒரு தடவு தடவினால் வேலை முடிந்தது. தொடையில் விழும் வெள்ளைக் கோடுகளுக்கு ஆபீஸில் ஏதோ வாயில் நுழையாத பெயர் உண்டு. தேய்ப்பு மேசையில் அதற்கு மீசை என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் அவள் மீசை வைத்த தொடைகளை வரிசையாக நிறுத்தினால் ஊர் எல்லை தாண்டிப் போகும்.

செய்யும் வேலையாலும் பிறவிக் குணத்தாலும் அவளுக்கு உப்புத்தாள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கட்டின கணவரே 'உப்பு' என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதற்கு 'என்னங்க' என்றுதான் திரும்புவாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருந்தது என்று சொல்வது தப்பு. அங்கே இடம் போதாமல் முகம் முழுக்கப் பரவியிருந்தது.

ஃபேஷனைப் பற்றி அவளிடம் யாராவது கேட்டுவிட்டால் போதும், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். காலோடு ஒட்டின பேன்ட் வந்தபோது, அது உடுப்பே இல்லை, எலும்பு முறிந்தவனுக்குப் போட்ட மாவுக்கட்டு என்றாள். இடுப்புக்குக் கீழே நழுவி நிற்கிற பேன்ட் வந்தபோது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதை எவன் கண்டுபிடித்தானோ அவனுக்கு இரண்டு கையிலும் வேலை இல்லை என்றாள். அகலக் கால் பேன்ட் வந்தது. தெருக்கூட்டுகிறவர்களுக்கு இனி லீவு விடலாம் என்றாள். சினிமா நட்சத்திரம் ஒருவன் வெள்ளிக்கிழமை ஒரு விழாவுக்கு ஒற்றைக் காலை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குக் காலில் கொசு கடித்திருக்கலாம், சொறிந்துவிட்டு இறக்க மறந்திருக்கலாம். திங்கட்கிழமை தேய்ப்பு மேசையில் நாலாயிரம் பேன்ட், எல்லாவற்றிலும் ஒற்றைக் கால் மட்டும் மடித்துத் தைத்து வந்து நின்றது. அன்றைக்கு அவள் கத்தின கத்தலில் வாஷிங் செக்‌ஷனில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

இத்தனை திட்டினாலும் அவளிடமும் ஒரு ஸ்டைல் மன்னன் இருந்தார். "ஜீன்ஸ் போடத் தெரிஞ்ச ஒரே ஆளு எங்க வீட்டுக்காரர்தான்" என்று மேசையில் அடித்துச் சொல்வாள். டைல்ஸ் பதிக்கிறவர். ஏழு வருஷத்துக்கு முன் கம்பெனியில் தள்ளுபடியில் விட்ட ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அதில் அவள் ஒரு தேய்ப்புக்கூடத் தேய்க்கவில்லை. வேலையே அதைத் தேய்த்தது. அவர் இடது முட்டியை ஊன்றி உட்கார்ந்துதான் டைல்ஸ் பதிப்பார். அந்த முட்டி வலது முட்டியைவிட இரண்டு மடங்கு வெளுத்தது. வலது பின்பாக்கெட்டில் அளவு டேப்பின் வட்டம் பதிந்தது. தொடையில் சிமெண்டுப் பால் தெறித்துப் பொட்டுப் பொட்டாக நின்றது. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் அதைத்தான் போடுவார். பேன்ட் என்றால் இப்படித்தான் ஒரு ஆள்மேல் உட்கார வேண்டும் என்று அவளுக்குப் பார்த்துப் பார்த்துச் சலிக்காது.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு அட்டை கட்டின மாதிரிப் பேன்ட் என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒருமுறை மாதிரிப் பேன்ட்டில் யாரோ காபி சிந்தியிருந்தார்கள். எழுநூறு பேன்ட்டுக்கும் அதே இடத்தில், அதே அளவில் காபிக் கறை வைத்து அனுப்பினார்கள். வாங்கினவன் ஒருவன்கூடப் புகார் சொல்லவில்லை, பாராட்டித்தான் கடிதம் வந்தது. அன்றிலிருந்து மேனேஜருக்குச் சிவப்பு அட்டைமேல் பக்தியே வந்துவிட்டது. "மாதிரி இல்லாம எவளும் துணியில கை வைக்கக் கூடாது, மாதிரி வந்த பிறகு எவளும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சுவரில் எழுதி ஒட்டாத குறை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் கையில் ஒரு பேன்ட்டோடு வந்தார். இடுப்பு வளையத்தில் சிவப்பு அட்டை ஆடிக்கொண்டிருந்தது. புது லாட், மூவாயிரம் உருப்படி, அதே சினிமா நட்சத்திரத்தின் பெயரிலேயே வருகிற வரிசை, மூன்று மணிக்கு டிசைனர் மேடம் நேரில் வருகிறார், அதற்குள் இதைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று செய்து வைக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லி, பேன்ட்டை அவள் மேசையில் விரித்துவிட்டுப் போனார்.

உப்புத்தாள் பார்த்தாள். இடது முட்டி வெளுப்பைப் பார்த்தாள். தொடையில் சிமெண்டுப் பொட்டுகளைப் பார்த்தாள். நம்பாமல் கால் விளிம்பைத் திருப்பினாள். நீல நூல் தீர்ந்துபோய்ப் பழுப்பு நூலில் அவளே மடித்துத் தைத்த தையல் அப்படியே இருந்தது. இடது முட்டியின்மேல் சாய்வாக ஒரு வெட்டு. அந்த வெட்டின் விளிம்பில் துணி துருநிறத்தில் இருந்தது.

அது எப்படி வந்தது என்று இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நாலு மாதத்துக்கு முன் வேலை செய்கிற இடத்தில் டைல்ஸ் அறுக்கும் மெஷினின் தகடு ஓடும்போதே தெறித்து உடைந்தது. உடைந்த துண்டு அவருடைய இடது முழங்காலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மனுஷர், "வெட்டாதீங்கம்மா, நல்ல பேன்ட்" என்றாராம். இரண்டு பேராகப் பிடித்துக் கழற்றினார்கள். கால் பிழைத்தது, முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டியை ஊன்றிப் பிழைத்தவர் கால் நீட்டியே உட்கார வேண்டியதாயிற்று. மேற்பார்வை வேலை தருவதாகப் பழைய மேஸ்திரி சொல்லியிருந்தார். ஆனால் அவர் வாசல்வரைகூடப் போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான் வரும். "அந்தப் பேன்ட்டைத் தைச்சுக் குடு உப்பு. போட்டுக்கிட்டுப் போறேன்."

வீட்டில் எத்தனை தடவை ஊறவைத்தும் ரத்தக் கறை போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அதைப் பையில் மறைத்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்து, ஒரு லாட்டோடு சேர்த்து வாஷிங்கில் போட்டாள். சொந்த உருப்படியைக் கம்பெனி மெஷினில் துவைக்கக் கூடாது என்பது விதி. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. துவைத்துக் கொடியில் காயப்போட்டவளை மேனேஜர் அவசரமாகக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது பேன்ட் இல்லை. சத்தம்போட்டுத் தேடவும் முடியாது. பக்கத்து மேசைக்காரிமேல் சந்தேகம் விழுந்தது. அவள் கணவனுக்கும் அதே அளவு இடுப்பு. அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினாள். வீட்டில், இன்னும் ஊறுகிறது என்று பொய் சொன்னாள். மூன்று வாரம் ஊறுகிற பேன்ட் எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளை அறுத்தது.

இப்போது அந்தப் பேன்ட் சிவப்பு அட்டையோடு அவள் முன்னால் கிடந்தது. அதோடு ஊசிக் கொக்கியில் இன்னொரு சின்ன அட்டை, கடையில் தொங்கவிடுவது. அழகான எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். 'ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பது வயதில் முதல் வாய்ப்புத் தேடிப் போன நாளில் அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். எழுந்தார். அதே பேன்ட்டோடு போனார். வென்றார்.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். காதுமடல் சூடேறிற்று. விழுந்தாராம். எழுந்தாராம். எழுந்திருக்க முடியாதவர் வீட்டில் கிடக்க, இவன் எழுந்தானாம். மேசையைத் தள்ளிக்கொண்டு போனவள் மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

மேனேஜர் முதலில் சிரித்தார். அவள் பழுப்பு நூலைக் காட்டினாள், பாக்கெட்டில் டேப் வட்டத்தைக் காட்டினாள், கம்பெனி வாஷிங்கில் திருட்டுத்தனமாகத் துவைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். சிரிப்பு நின்றது. எழுந்து கதவைச் சாத்தினார். டிசைனர் மேடம் இரண்டு மாதம் உட்கார்ந்து தன் கையால் உருவாக்கின மாதிரி என்று நட்சத்திரத்தின் ஆபீஸில் சொல்லி ஒப்புதல் வாங்கியாகிவிட்டதாம். இது வெளியே தெரிந்தால் அவர் வேலையும் போகும், தன் வேலையும் போகும் என்றார். பிறகு குரலை இறக்கி, பூசி மெழுகப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. ஒரு பழைய கிழிசல் பேன்ட்டுக்குப் போய் இவ்வளவு ஆட்டமா? புதுசா ரெண்டு எடுத்துக்க. எந்த மாடல் வேணுமோ எடுத்துக்க."

"பழையது, கிழிசல். அப்புறம் எதுக்கு சார் மூவாயிரம் செய்யச் சொல்றீங்க?" என்றாள் அவள்.

மேடம் வரட்டும், பேசிக்கொள்ளலாம், அதுவரை மாதிரியின்மேல் ஒரு கீறல் விழக் கூடாது என்று அனுப்பிவைத்தார். ஏற்கெனவே இருக்கிற கீறல் போதாதா என்று அவள் போகிற போக்கில் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

மேசைக்குத் திரும்பியபோது பக்கத்து மேசைக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். உப்புத்தாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் அவள். "மூணு வாரமா என்னைக் கூட்டிட்டுப் போக வர்றப்பெல்லாம் என் வீட்டுக்காரர் இடுப்பைத்தானே முறைச்சுப் பார்த்த." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த வெட்டை விரலால் தொடாமல் பார்த்தாள். "இதையா நம்மள வெட்டச் சொல்றாங்க?"

அதைத்தான் சொல்லியிருந்தார்கள். மூவாயிரம் பேன்ட். மூவாயிரம் இடது முட்டி. ஒவ்வொன்றிலும் அதே சாய்வில் பிளேடு போட்டு, விளிம்பில் துருநிறச் சாயத்தைத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். இந்த மேசையில் அந்த நுணுக்கம் வருகிற ஒரே கை உப்புத்தாளின் கை. அதாவது, கணவரின் முழங்காலை ஒரு நாளைக்கு நூற்றைம்பது தரம் அவளே வெட்ட வேண்டும். வெட்டி முடித்தால் அடுத்த மாதம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் அதைப் போட்டுக்கொண்டு நொண்டாமல் நடப்பார்கள். வீட்டு ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மனுஷர் அதைப் பார்ப்பார்.

மூன்று மணிக்கு டிசைனர் வந்தாள். முப்பது வயதிருக்கும். பெரிய வட்டக் கண்ணாடி, கை முழுக்க மோதிரம், இரண்டு முட்டியும் கிழிந்த பேன்ட். அந்தக் கிழிசலும் இதே மேசையில் போன வருஷம் உப்புத்தாள் வைத்ததுதான். திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளோ தேய்ப்பு மேசைக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அக்கா அக்கா என்று பேசினாள். மேனேஜர் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் இன்னும் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு டிசைனர் பேசினாள். கண்ணெல்லாம் பளபளத்தது. பத்து வருஷமாக ஜீன்ஸோடு புழங்குகிறாளாம், எல்லாம் பொய்த் தேய்மானம், பொய்க் கிழிசல், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாம். இந்த ஒன்று மட்டும் பொய் சொல்லவில்லை, ஒரு ஆள் இதற்குள் வாழ்ந்திருக்கிறான் என்று பார்த்தவுடனே தெரிகிறது என்றாள். மூன்று வாரத்துக்கு முன் இங்கே வந்தபோது கொடியில் கண்டதும் கைகால் ஓடாமல் நின்றுவிட்டாளாம், கையோடு எடுத்துக்கொண்டு போனாளாம். தானே போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். படத்தில் ஏதோ ஒன்று உப்புத்தாளின் கண்ணை உறுத்தியது. இருந்த கோபத்தில் அது என்னவென்று அவள் யோசிக்கவில்லை. தான் இத்தனை வருஷமாக மேசையில் அடித்துச் சொன்ன அதே அபிப்பிராயம் இவள் வாயிலிருந்து வருகிறதே என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

"இந்தத் துரு நிறம் மட்டும் அப்படியே வரணும் அக்கா. அதுலதான் உயிர் இருக்கு" என்று டிசைனர் வெட்டின் விளிம்பைத் தடவினாள்.

"அது துரு இல்ல. ரத்தம்."

டிசைனரின் விரல் நின்றது.

உப்புத்தாள் சொன்னாள். கத்தவில்லை. கத்தாமல் அவள் பேசி அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை, அதனால் பத்து மேசையும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டது. தகடு தெறித்ததைச் சொன்னாள். நர்ஸின் கத்தரியைச் சொன்னாள். மடங்காத முட்டியைச் சொன்னாள். பேன்ட்டைக் கொடுங்கள், இந்த வெட்டு எந்தப் பேன்ட்டிலும் வரக் கூடாது, வேறு எதை வேண்டுமானாலும் கிழிக்கச் சொல்லுங்கள் கிழிக்கிறேன் என்று முடித்தாள்.

டிசைனர் கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கித்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் கதையை ஏன் சார் எங்கிட்ட முன்னாடியே யாரும் சொல்லல? மோட்டார் சைக்கிள் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல." அப்படியே உப்புத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அட்டையில இதைப் போடுவோம். உங்க வீட்டுக்காரர் பேரோடயே போடுவோம். ஜனங்க அழுதுடுவாங்க."

உப்புத்தாளுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. விளங்கினபோது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு எரிந்தது. இவளிடம் இனி எதைச் சொன்னாலும் அதையும் எடுத்து ஊசிக் கொக்கியில் மாட்டிவிடுவாள் என்று புரிந்தது. நீ திருடினாய் என்று சொன்னால் அதற்கும் ஒரு அட்டை அடிப்பாள். நீ நாசமாய்ப் போ என்றால் அதுவும் ஒரு சட்டையில் வரும். அவள் தன் கையை உருவிக்கொண்டாள். அவர்கிட்ட கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அங்கே சொன்ன முதல் பணிவான சொல் அது. மேனேஜருக்கு முகத்தில் ரத்தம் திரும்பிற்று.

நட்சத்திரத்தின் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கதையை மாற்றலாமா என்று கேட்க டிசைனரும் மேனேஜரும் மாடிக்குப் போனார்கள். போகும்போது, ஐந்து மணிக்குள் நகல் மாதிரி தயாராக இருக்கட்டும் என்று மேனேஜர் ஒரு விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

உப்புத்தாள் நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். சிவப்பு அட்டையை வெட்டினாள். கதை அட்டையை வெட்டினாள். இரண்டையும் சேர்த்து, காற்றடைத்த ரப்பர் காலில் இறுகக் கட்டினாள். பேன்ட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். தன் உடுப்பைச் சுருட்டிப் பையில் வைத்தாள். வாழ்நாளில் ஒரு தடவைகூட ஜீன்ஸுக்குள் கால் விட்டவள் இல்லை. இடுப்பு பெரிதாக இருந்தது. சாக்கு தைக்கிற கயிற்றை வளையங்களில் கோத்துக் கட்டினாள். காலை இரண்டு மடிப்பு மடித்தாள். வெட்டு அவள் முட்டிக்குக் கீழே வந்து நின்றது. வெளியே வந்தபோது தேய்ப்பு மேசையில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி மட்டும், மாடிப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டு, மேலே இருந்து யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள்.

வாசலில் பையைச் சோதிப்பார்கள், போட்டிருக்கிற உடுப்பைச் சோதிக்க மாட்டார்கள். காவலாளி பையைத் திறந்து பார்த்து மூடினான். பிறகு அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"என்னக்கா, இன்னைக்கு ஜீன்ஸா?"

"ஃபேஷன்" என்றாள்.

"முட்டி கிழிஞ்சிருக்கே."

"அதுதான் ஃபேஷன். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு கதை இருக்காம். கேக்கிறியா, வழி விடுறியா?"

வழி விட்டான்.

பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் தணியும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போயிற்று. எதிரே வந்த கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அவள் பேன்ட்டையும் கயிற்றையும் பார்த்து, கிண்டல் இல்லாமல், ஆசையாகவே திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அவர்களை நிறுத்தி அறைய வேண்டும்போல இருந்தது. அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களை அப்படிப் பார்க்க வைத்ததில் தன் கைக்கும் பங்கு உண்டு என்று நினைத்தபோது அந்த அறை தன் பக்கமே திரும்பிற்று. பதினெட்டு வருஷமாக யாருடைய முட்டியையெல்லாம் பார்த்து வரைந்த மாதிரிகளை அவள் கேள்வி கேட்காமல் வெட்டிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், இடுப்புக் கயிற்றைப் பார்த்தார்.

"ஊறி முடிஞ்சுதா?" என்றார்.

வாஷிங்கில் வேறு லாட்டோடு கலந்துவிட்டது, இன்றைக்குத்தான் கிடைத்தது, கொண்டுவர வேறு வழி தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். மூவாயிரத்தைச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரித்து, போட்டுக்கிட்டுப் போகட்டும் உப்பு என்று சொல்லிவிடுவார். அதைக் கேட்க அவள் தயாராக இல்லை. கழற்றி, மேசை விளக்கைப் போட்டு, வெட்டின் அடியில் ஒரு துண்டுத் துணி வைத்து, உள்ளேயும் வெளியேயும் நெருக்கமாகத் தைத்தாள். எத்தனையோ ஆயிரம் முட்டிகளைக் கிழித்த கைக்கு ஒரு முட்டியை மூட ஒரு மணி நேரம் பிடித்தது. மறுநாள் காலை அவர் அதைப் போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி, மேஸ்திரியைப் பார்க்கப் போனார்.

அவள் கம்பெனிக்குப் போனாள், சீட்டுக் கிழிந்துவிடும் என்று தெரிந்தே. கிழியவில்லை. மாதிரியைத் திருடிவிட்டாள் என்று எழுத வேண்டுமென்றால், அது யாருடைய பேன்ட் என்றும் எழுத வேண்டும். மேனேஜர் அதற்குத் துணியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, டிசைனர் போனில் இருக்கிற படத்தைப் பார்த்து லாட்டை ஆரம்பியுங்கள் என்று மற்றவர்களுக்கு உத்தரவு போட்டார்.

பக்கத்து மேசைக்காரிதான் எழுந்தாள். "மாதிரி இல்லாம துணியில கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? சிவப்பு அட்டை எங்க?" என்றாள். ரப்பர் காலில் கட்டியிருந்த அட்டையை இன்னொருத்தி சுட்டிக்காட்டினாள். சரி, அந்தக் காலையே மூவாயிரம் செய்து தருகிறோம் என்றாள் மூன்றாமவள். பத்து மேசையும் கை கட்டிக்கொண்டு நின்றது. மேனேஜர் உருவாக்கின சட்டம் மேனேஜர் கழுத்தையே பிடித்தது. இரண்டு நாள் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு சுற்றினார். மூன்றாம் நாள் அந்த லாட் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. போனில் இருந்த படமும் கூடவே போயிற்று.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரை டாக்டரிடம் காட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றபோது உப்புத்தாள் அதைப் பார்த்தாள். நிறுத்தத்துக்கு எதிரே மூன்று மாடி உயரத்துக்கு விளம்பரத் தட்டி. நட்சத்திரம் காலை அகட்டி வைத்து, கையை இடுப்பில் ஊன்றி நின்றான். சிமெண்டுப் பொட்டுகள், முட்டி வெளுப்பு, அதே சாய்வான வெட்டு, துருநிற விளிம்பு. எல்லாமே இருந்தது. கீழே கொட்டை எழுத்தில் அந்தக் கதையும் இருந்தது. மோட்டார் சைக்கிள்தான் ஜெயித்திருந்தது.

ஆனால் வெட்டு வலது முழங்காலில் இருந்தது.

கண்ணாடியில் எடுத்த படம். அன்றைக்குத் தன் கண்ணை உறுத்தியது எதுவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. டிசைனருக்குத் தெரியவில்லை. இன்னொரு கம்பெனிக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டு நின்றவனுக்கும் தெரியவில்லை. உயிர் இருக்கிறது, உண்மை இருக்கிறது, பொய் சொல்லாத பேன்ட் என்று கண்ணீர் விட்டவர்களில் ஒருத்தருக்கும் அது எந்தக் கால் என்று தெரியவில்லை. அந்தத் தட்டியைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் உப்புத்தாளால் இழுக்க வேண்டும்போலக் கை பரபரத்தது.

அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். தைத்த முட்டியை நேராக நீட்டி, கோலில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கீழே இருந்த எழுத்தை அவர் படிக்கவில்லை, வெட்டையே பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

"பாவம், இவனுக்கு வலது காலு" என்றார். "தகடுதான் பட்டிருக்கும். அதே சாய்வு." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனா பரவாயில்ல உப்பு. நல்லா நிக்கிறான் பாரு."

பஸ் வந்தது. உப்புத்தாள் அவருடைய இடது பக்கம் போய் நின்று, படியேறத் தோள் கொடுத்தாள்.